வண்டு சேர்த்த வாலஸ்: அவர் நூலும் நம் கேள்வியும்

பூச்சி பிடித்துத் திரிகிறவனை வேலையற்றவன் என்பது நம்மவர் வழக்கம். ஆனால் வண்டு பிடித்தே வயிறு வளர்த்து, அவ்வண்டுகளின் துணை கொண்டே உயிர்வகைகள் மாறும் வழியைக் கண்டறிந்த ஒருவர், நாம் வாழும் இந்நாட்டுக் காடுகளில் வலையும் கையுமாக நடந்திருக்கிறார். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பது அவர் பெயர். டார்வின் பெயரை அறிந்த நம் இளைஞருள் நூற்றில் ஒருவராவது வாலஸ் பெயரை அறிவாரோ என்பது ஐயமே. அவர் 1869இல் இலண்டனில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘மலாய்த் தீவுக் கூட்டம்’ என்னும் பிரயாண நூலோ, சிங்கப்பூரையும் மலாக்காவையும் தொடக்க அத்தியாயங்களிலேயே விரித்துரைப்பது. நம் வீட்டு வாசலைப் பற்றி அயலார் எழுதிய நூலை நாம் படியாதிருப்பது நன்றன்று; படித்தபின் அதனை எடை போடாதிருப்பது அதனினும் நன்றன்று. ஆகவே, அந்நூலின் சிறப்பு யாது, குறை யாது, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழருக்கு அதனால் ஆவது யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நூலை மதிக்குமுன் நூலாசிரியர் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், வேல்ஸ் நாட்டு அஸ்க் என்னும் ஊரின் அருகே பிறந்தார். ஒன்பது மக்களுள் எட்டாமவர். தகப்பனார் கைப்பொருளை இழந்தவராதலின், பையனின் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய 14 வயதோடு முடிந்தது. பிறகு இலண்டனில் தச்சு வேலை பழகிய தமையனோடு சில காலம் தங்கினார். அப்போது, தொழிலாளர் மாலையில் கூடிப் பேசும் மண்டபமொன்றில் ராபர்ட் ஓவனின் சமத்துவக் கொள்கைகளைச் செவிமடுத்தார். அதன்பின் மற்றொரு தமையனோடு நிலம் அளக்கும் தொழிலில் பல ஆண்டுகள் உழைத்தார். சங்கிலியும் அளவுகோலும் அவருக்குக் கல்லூரியாயின.

1844இல் லெஸ்டர் நகரில் பள்ளி உபாத்தியாயராக இருந்தபோது ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்புக் கிடைத்தது. பேட்ஸ் காலுறை வியாபாரியிடம் வேலை பழகியவர். அவரும் பள்ளியை இளமையிலேயே விட்டவர். அந்நகரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் ஆயிரம் வகை வண்டுகள் இருக்கக் கூடும் என்று பேட்ஸ் சொல்லக் கேட்டு வாலஸ் வியந்தார். இருவரும் பணக்காரரல்லர். ஆயினும், பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து அனுப்பினால் இலண்டனில் அவற்றை விலைக்கு வாங்குவோர் உளர் என்று துணிந்து 1848இல் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுக்குப் புறப்பட்டனர். வாலஸ் நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தார். தம்மைத் தேடி வந்த தம்பியை மஞ்சட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1852 ஆகஸ்டு 6ஆம் நாள், ஊர் திரும்பும் வழியில், அவர் ஏறி வந்த கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. அதில் அவருடைய சேகரங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் சாம்பலாயின. திறந்த படகில் பத்து நாள் மிதந்து உயிர் தப்பினார். சரக்குகளை விற்றுத் தரும் முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் முன்யோசனையாகக் காப்புறுதி செய்திருந்தமையால் பட்டினியினின்று தப்பினார். இரண்டு ஆண்டு கழியுமுன் அவர் மீண்டும் கப்பல் ஏறினார். இம்முறை வந்திறங்கிய இடம் சிங்கப்பூர். காலம் 1854 ஏப்ரல்.

நிற்க. சிங்கப்பூரில் அவர் செய்த வேலையைச் சற்று நுணுகி நோக்குவோம். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். தாய்க்கு எழுதிய கடிதத்தில் தம் அன்றாட முறையை விவரித்துள்ளார். காலை ஐந்தரை மணிக்கு எழுவது, குளித்துக் காப்பி அருந்தி முந்திய நாளின் பூச்சிகளை ஒழுங்கு செய்வது, எட்டு மணிக்கு உணவு, ஒன்பதுக்குக் காடு, பிற்பகல் இரண்டு மூன்று மணி வரையில் அலைந்து ஐம்பது அறுபது வண்டுகளோடு திரும்புவது, பின்னர் அவற்றைக் கொன்று ஊசியில் குத்தி வைப்பது, வேலை மிகுந்தால் இரவு எட்டு ஒன்பது வரையில் உட்காருவது. செக்ரோல் எழுதிப் பழகிய நம்மவர்க்கு இம்முறை புதிதன்று. மேதை என்பது மின்னலைப் போல் வானத்தினின்று இறங்குவது என்று எண்ணியிருப்போர் இக்கடிதத்தைப் படிப்பாராக. நாள் தவறாத ஒழுங்கே அவருடைய மேதைக்கு முதல்.

இவ்வாறு இரண்டே மாதத்தில், ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத் துண்டில், ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அவற்றுள் நீளக்கொம்பு வண்டுகள் மட்டும் 130 வகை. இவ்வளவு வண்டு ஓரிடத்தில் கிடைத்தது எப்படி? காரணத்தை அவரே ஆராய்ந்து சொல்கிறார். சீனத் தொழிலாளர் அக்காட்டில் மரம் வெட்டிப் பலகை அறுத்துக் கொண்டிருந்தனர். புதிதாய் வீழ்ந்த மரமும், உலரும் பட்டையும், வாடும் இலையும், அறுத்த தூளும் வண்டினத்துக்கு விருந்து. நீளக்கொம்பு வண்டு பட்டையிடுக்கில் முட்டையிடும். புழு மரத்தைக் குடைந்து உண்டு வளரும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எவரும் இதனை எளிதில் உணர்வர். அழுகும் பழைய பனைத் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, இளங்கன்றின் குருத்தைத் துளைப்பதை நாம் காணவில்லையா? ஆகவே வாலஸின் 700 வகைக்கும் அடிப்படை சீனக் கூலியின் கோடரி. அவர் பொறுக்கிய வண்டை முதலில் காட்டினின்று வெளியே வரவழைத்தவன் அக்கூலியே. அதே தீவில், பெரும்பாலும் கம்பீர் தோட்டங்களில், நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு சீனரைப் புலி கொன்று வந்தது என்றும் வாலஸ் எழுதுகிறார். வண்டு பிறந்த காட்டிலேயே இவ்வுயிர்களும் போயின என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும்.

சிங்கப்பூரை விட்டு மலாக்கா சென்று லேடாங் மலை ஏறினார். பின் சரவாக், பாலி, லொம்போக், செலிபிஸ், ஆரு, தெர்னாத்தே, நியூகினி என்று எட்டு ஆண்டுகளில் இத்தீவுகளுக்குள் சுமார் 14,000 மைல் பிரயாணம் செய்தார். அவர் தரும் கணக்கின்படி சேர்த்தவை மொத்தம் 1,25,660. அவற்றுள் வண்டுகள் மட்டும் 83,200; வண்ணத்துப் பூச்சி இனங்கள் 13,100; ஏனைய பூச்சிகள் 13,400; பறவைகள் 8,050. பூச்சி பிடிப்பவர் என்று அவரைச் சொன்னால் அது இழிவன்று, உண்மை.

பூச்சி சேர்த்தவர் பலர். வாலஸ் மட்டும் பெரிய உண்மையைக் கண்டது ஏன்? என் கருத்தில், விடை அவர் ஒவ்வொரு பொருளோடும் கட்டிய சிறு சீட்டில் உள்ளது. இன்ன வண்டு இன்ன தீவில் பிடிபட்டது என்று குறித்து வைத்தார். அமேசானிலிருந்து மீண்டவுடனே, 1852இல், குரங்குகளைப் பற்றி வாசித்த கட்டுரையிலேயே, காட்சிசாலைகளில் ‘பிரேசில்’ என்றும் ‘தென்னமெரிக்கா’ என்றும் பொத்தாம் பொதுவாக எழுதிய சீட்டுகளால் பயனில்லை என்று குறை கூறினார். ஆற்றின் இக்கரைக் குரங்கு வேறு, அக்கரைக் குரங்கு வேறு என்பதைக் கண்டவர் அவர். ஊர் குறித்த சீட்டு இல்லையேல் வண்டு வெறும் அணிகலன். ஊர் குறித்தால் அது சாட்சி.

அச்சாட்சிகளை அடுக்கிப் பார்த்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. ஒன்று: பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையே சுமார் 15 மைல் நீர்தான், ஆயினும் இப்பால் ஆசியப் பறவைகள், அப்பால் ஆஸ்திரேலிய வகைகள் தலைகாட்டுகின்றன. இவ்வெல்லை இன்றும் ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது. பனியுகத்தில் கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது சுமத்திரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலாயாவோடு தரையாய் இணைந்திருந்தன. லொம்போக் நீரிணை மிக ஆழமாதலின் அது மட்டும் வற்றவில்லை என்பது பின்வந்த ஆராய்ச்சி தந்த விளக்கம். மற்றொன்று இதனினும் பெரிது. 1858 பிப்ரவரியில் காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தபோது, ஜனத்தொகையைப் பற்றி மால்தஸ் எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. பிறப்பவை பல, பிழைப்பவை சில, ஒரே வகையிலும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை, ஆதலின் சூழ்நிலைக்குச் சற்றேனும் பொருந்தியவை எஞ்சும், தலைமுறை தலைமுறையாக வகையே மாறும். இதனை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். இருபது ஆண்டாக அதே கருத்தை மனத்தில் வைத்திருந்த டார்வின் திடுக்கிட்டார். 1858 ஜூலை 1ஆம் நாள் இருவர் எழுத்தும் லின்னேயஸ் சங்கத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. அப்போது வாலஸ் நியூகினியில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆயினும் அவர் அழுக்காறு கொள்ளவில்லை. தம் நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். பிற்காலத்தில் எழுதிய விரிவான நூலுக்கும் ‘டார்வினிசம்’ என்றே பெயரிட்டார். இக்காலத்து எழுத்தாளர் கற்க வேண்டிய பண்பு இது.

இனி நூலின் நடையைப் பார்ப்போம். பிரயாண நூல்களுள் பெரும்பாலன ஆசிரியரின் வீரத்தைப் பறைசாற்றுவன. வாலஸின் நூல் அவ்வாறன்று. எறும்புகள் மேசையேறிப் பூச்சிகளைத் தூக்கிச் சென்றதையும், காற்றில்லாமல் படகு நாட்கணக்கில் நின்றதையும், காலில் புண் வந்து வாரக்கணக்கில் குடிசையில் முடங்கியதையும் கூசாமல் எழுதுகிறார். பாச்சான் தீவில் பொன்னிறச் சிறகுள்ள பெரிய வண்ணத்துப் பூச்சியை முதன்முதல் கையில் எடுத்தபோது நெஞ்சு படபடத்து மயக்கம் வரும்போலிருந்தது என்று எழுதுகிறார். டுரியான் பழத்தின் சுவையை அவரைப் போல் அனுபவித்து எழுதிய வெள்ளையர் அரியர். ஆரு தீவில், யாரும் காணாத காட்டில் சொர்க்கப் பறவை தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்து மடிவதை எண்ணி, நாகரிக மனிதன் இங்கே கால் வைத்தால் இவை அழியும் என்றும், உயிர்களெல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவையல்ல என்றும் சிந்திக்கிறார். அவரே சரவாக்கில் தாய் ஓராங் ஊத்தானைச் சுட்டு வீழ்த்தி, சேற்றில் கிடந்த குட்டியை எடுத்துப் பால் கிடைக்காமையால் அரிசிக் கஞ்சி ஊட்டி வளர்த்து, அது மூன்று மாதத்துக்குள் இறந்தபோது வருந்தினார். இம்முரண்பாட்டை மறைக்காமல் எழுதியது நூலின் நேர்மைக்குச் சான்று.

ஆரு தீவினர் அவரைப் பார்த்துக் கேட்டது ஒன்று நினைக்கத்தக்கது. இத்தனை பறவையையும் பூச்சியையும் பதப்படுத்திக் கொண்டு போகிறீரே, உம் நாட்டில் இவை மறுபடி உயிர் பெற்று எழும் அல்லவா என்று ஒரு கிழவர் வினவினார். வாலஸ் இதனை வேடிக்கையாக எழுதுகிறார். நமக்கோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவை உண்மையாகவே அங்கே உயிர் பெற்றன. வேறு பெயரில், வேறொருவர் புகழாக.

இவ்விடத்தில் அலி என்னும் மலாய்ச் சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1855இல் சரவாக்கில் சமையல் வேலைக்கு வந்தவன். ஏறக்குறைய பதினைந்து வயது. சில ஆண்டில் படகு செலுத்தவும், பறவை சுடவும், தோலுரித்துப் பதம் செய்யவும் கற்றுத் தலைமைச் சேகரிப்பாளனாக உயர்ந்தான். வாலஸ் நோயுற்றபோது அவரைக் காத்தவனும் அவனே. 1858இல் பாச்சானில், நெஞ்சில் பச்சைப் பட்டுப்போன்ற கவசமும் தோளில் வெண்சிறகுகளும் கொண்ட புதுவகைச் சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டு வந்து, இதோ பாருங்கள் என்று காட்டியவன் அலி. அதன் விஞ்ஞானப் பெயரில் இன்று நிற்பது வாலஸின் பெயர். பெயர் வைத்தவர் இலண்டன் காட்சிசாலை அறிஞர். அதற்காக வாலஸைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் அலியின் பெயரை மறைத்தவருமல்லர். நூலில் பல இடங்களில் எழுதுகிறார். 1905இல் வெளியிட்ட சுயசரிதையில் அவன் படத்தையும் நன்றியோடு அச்சிட்டார். 1907இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் பார்பர் தெர்னாத்தேயில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அவர் தம்மை ‘அலி வாலஸ்’ என்று அறிமுகப்படுத்திக் கொண்டார். எஜமானன் பெயரைத் தொழிலாளி சுமந்தான். தொழிலாளியின் பெயரைப் பறவை சுமக்கவில்லை. இது ஒரு தனி மனிதர் செய்த வஞ்சகமன்று. உழைப்பவன் ஒருவன், பெயர் பெறுபவன் ஒருவன் என்னும் உலக ஏற்பாடு. ஏற்பாடு என்பதனாலேயே அது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது.

இனி நம்மைப் பற்றி. சிங்கப்பூர் மக்களை வகைப்படுத்தும் பகுதியில், ‘கிளிங்’ என்று அக்காலத்தார் வழங்கிய நம்மவரை, மேற்கு இந்தியாவிலிருந்து வந்த முகமதியச் சிறு வியாபாரிகள் என்று எழுதிவிடுகிறார். விலை கேட்டால் இரு மடங்கு சொல்பவர் என்றும் சேர்க்கிறார். சோழமண்டலக் கரை இந்தியாவின் கிழக்கே உள்ளது. வந்தவருள் இந்துக்களும் இருந்தனர், சாலை போட்ட கைதிகளும் கூலிகளும் இருந்தனர். அமேசான் குரங்குக்கு ஆற்றின் எக்கரை என்று கேட்டவர், கடைவீதியில் தமக்குப் பொருள் விற்ற மனிதனுக்குக் கடலின் எக்கரை என்று கேட்கவில்லை! வண்டின் சீட்டு சரியாயிருக்கிறது; மனிதனின் சீட்டு பிழை. இதனைக் கோபத்தோடு சொல்லவில்லை. அவருடைய அளவுகோலையே எடுத்து அவரை அளக்கிறேன்.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. தோட்டத் தமிழர் இந்நூலைப் படிக்க வேண்டுவதற்கு அதுவே முதற்காரணம் என்பேன். 1830 முதல் ஜாவாவில் டச்சு அரசாங்கம் கட்டாயப் பயிர் முறை நடத்தி வந்தது. குடியானவன் தன் நிலத்தின் ஒரு பகுதியில் அல்லது தன் உழைப்பின் ஒரு பங்கில், காப்பி, கரும்பு, அவுரி முதலியவற்றை விளைத்து அரசாங்கம் வைத்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். செலிபிஸ் தீவின் மினஹாசாவிலும் காப்பி அவ்வாறே வாங்கப்பட்டது. வாலஸ் 1859இல் அங்கே சென்றார். நேரான வீதிகளும், சுத்தமான வீடுகளும், பூச்செடி வேலிகளும் கண்டு மகிழ்ந்தார். மகிழ்ந்தவர் ஒரு கொள்கையும் வகுத்தார். அநாகரிக மக்கள் குழந்தைகளைப் போன்றவர். தகப்பன் மக்களை அடக்கி வளர்ப்பதுபோல் அரசாங்கம் இவர்களை அடக்கி உழைக்கப் பழக்குவது நன்மையே. குறைந்த விலைக்கு வாங்குவது வரிக்கு ஈடு. தடையற்ற வியாபாரத்தைத் திறந்துவிட்டால் சாராயமும் கடனும் இவர்களை விழுங்கும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளுதல் கூடாது. சாராயமும் கடனும் ஏழையை விழுங்கும் என்பது மெய். ஆனால் தகப்பன் என்று சொல்லிக் கொண்டவர் அவற்றினின்று காத்தாரா? மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுத்தது அத்தகப்பனே அல்லவா? துரையே தாய், துரையே தந்தை என்று நம் முன்னோரைச் சொல்லப் பழக்கிய அக்காலத்தில், அப்பிள்ளைகளுக்கு வயது வந்ததாக எந்தத் துரையாவது ஒப்பியதுண்டா? இதுவே இவ்வுவமையின் வஞ்சகம். வீட்டில் பிறந்த குழந்தை ஒரு நாள் வளர்ந்து தகப்பனுக்குச் சமமாய் நிற்கும். தோட்டத்தில் ‘குழந்தை’ எனப்பட்டவனோ நரைத்த பின்னும் குழந்தையே. எந்தக் குழந்தையின் உழைப்பைத் தகப்பன் ஏலத்தில் விற்று இலாபம் எடுத்தான்?

வாலஸ் மற்றொரு சான்று காட்டுகிறார். ஜாவாவின் ஜனத்தொகை 1850இல் சுமார் 95 லட்சம். 1865இல் 1 கோடியே 41 லட்சத்துக்கு மேல். ஆகவே மக்கள் நலமாயிருக்கின்றனர் என்கிறார். மால்தஸைப் படித்து, எண்ணிக்கை பெருகுவது வேறு, வாழ்வு சிறப்பது வேறு என்று வண்டுக்கும் பறவைக்கும் நிறுவிய அறிஞர், மனிதனிடம் வந்தவுடன் அதனை மறந்தது வியப்பே. இம்முறை நடந்த காலத்திலேதான், 1849, 1850ஆம் ஆண்டுகளில், மத்திய ஜாவாவின் டெமாக், குரோபோகான் வட்டாரங்களில் கொடிய பஞ்சம் மக்களைக் கொன்றது. அவர் கணக்கில் அப்பஞ்சத்துக்கு இடமில்லை.

இலக்கிய வாசகர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டச்சு அதிகாரியாயிருந்த எட்வர்ட் டௌவஸ் டெக்கர், மேற்கு ஜாவாவின் லெபாக்கில் குடிகள் படும் கொடுமையை எதிர்த்து 1856இல் வேலையை விட்டவர். ‘முல்த்தத்துலி’ என்னும் புனைபெயரில் 1860இல் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் நாவலை எழுதி டச்சு நாட்டை நடுங்கச் செய்தவர். வாலஸ் அந்நாவலைப் படித்துவிட்டு, அலுப்பூட்டும் கதை, கிளைக்கதை மிகுதி என்று ஒதுக்குகிறார். அதில் சொன்ன கொடுமை மெய்யேயாயினும், இந்தியாவில் ஆங்கிலேய அவுரித் தோட்டக்காரர் செய்ததையும், வரி வசூலிப்போர் செய்த சித்திரவதையையும் நோக்க அது பெரிதன்று என்கிறார். வரி வசூலில் நடந்த சித்திரவதையை விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை வெளியிட்டது நம் சென்னை மாகாணத்தைப் பற்றியே. ஒரு வீட்டில் பிரம்படி, மறு வீட்டில் சவுக்கடி. ஆதலால் பிரம்படி அன்பு என்பது போன்ற நியாயம் இது! ஒரு பொன்சிறகுப் பூச்சிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பொறுமை, ஒரு சாட்சியின் கதையைக் கேட்க ஏன் இல்லாமற் போயிற்று? விருந்தினராய்ச் சென்றவர் அதிகாரிகளின் வீட்டில் தங்கினார். அவர்கள் திறந்த கதவுகளையே கண்டார். காட்டில் அவர் எவர் சொல்லையும் நம்பாமல் தாமே மரப்பட்டையைப் பெயர்த்துப் பார்த்தவர். கிராமத்தில் பட்டையைப் பெயர்க்கவில்லை.

ஆயினும் நூல் இங்கே முடிந்திருந்தால் அதனை இவ்வளவு பாராட்ட இடமில்லை. கடைசிப் பக்கங்களில் வாலஸ் தம் சொந்த நாட்டின் பக்கம் திரும்புகிறார். நீதிமன்றமும் போலீசும் இல்லாத தீவுக் கிராமங்களில் ஒவ்வொருவனும் அயலான் உரிமையை மதிப்பதைக் கண்டேன். இங்கிலாந்திலோ செல்வம் மலையாய்க் குவிய, அதன் அடியில் வறுமையும் குற்றமும் அதனினும் விரைவாய்ப் பெருகுகின்றன. ஒழுக்கத்தில் நாம் இன்னும் காட்டுமிராண்டி நிலையைக் கடக்கவில்லை என்று இடித்துரைக்கிறார். பேரரசு உச்சியில் நின்ற காலத்தில் இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். சொன்னதோடு நின்றாருமல்லர். 1881இல் நிலத்தைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்னும் சங்கத்துக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு அதைப் பற்றி நூலும் எழுதினார். பின்னாளில் தம்மைச் சமதர்மவாதி என்றே அறிவித்தார். இங்கிலாந்துக் குடியானவனுக்கு நிலம் வேண்டும் என்று போராடிய அதே கை, ஜாவாக் குடியானவனின் நிலத்தில் அரசாங்கம் காப்பி நடுவித்ததைப் புகழ்ந்து எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே இந்நூலைச் சரியாகப் படிக்கும் வழி.

மற்றொரு குறையையும் மறைத்தல் கூடாது. 1865 முதல் அவர் ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குச் சென்று அவற்றை மெய்யென்று நம்பினார். மனிதனின் மூளை மட்டும் இயற்கைத் தேர்வால் வந்ததன்று என்று வாதித்தார். அம்மை குத்துவதையும் எதிர்த்தார். மூடநம்பிக்கையைச் சாடும் நாம், நமக்கு உகந்த அறிஞர் என்பதற்காக இவற்றுக்குப் பூசி மெழுகுதல் ஆகாது. பெரியோர் சொன்னார் என்பது பிரமாணமன்று. சான்று உளதா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை நமக்குக் கற்பித்தவருள் வாலஸும் ஒருவர் என்பதால், அதை அவர்மேலும் ஏவுவது நன்றிகேடாகாது.

1908இல் அவருக்கு இங்கிலாந்து மன்னர் வழங்கும் உயர்ந்த விருது கிடைத்தது. 1913 நவம்பர் 7ஆம் நாள், 90 வயதில் இறந்தார். கல்லூரி வாசலை மாணவனாய் மிதியாதவர். கடைசி வரையில் எழுதியே பிழைத்தவர். 1881 முதல், டார்வின் முயன்று வாங்கித் தந்த சிறிய அரசாங்க உபகாரச் சம்பளமே அவருக்கு நிலையான வருமானம்.

அன்பர்களே! இந்நூலினின்று நாம் கொள்ளத்தக்கவை யாவை? முதலாவது, படிப்பு நின்றதோடு அறிவு நிற்பதில்லை என்பது. நிலம் அளந்தவரும் காலுறை விற்றவரும் உயிர்நூலின் போக்கையே மாற்றினர் என்றால், பால் மரத்தடியிலும் செம்பனை நிழலிலும் கண் திறந்து நடக்கும் பிள்ளை ஏன் இயற்கையை ஆராய இயலாது? வண்டுக்குச் சம்பளம் கேட்கும் வழக்கமில்லை. அது எந்தப் பிள்ளைக்கும் தன்னைக் காட்டும். ஒரு நோட்டுப் புத்தகமும், இன்ன நாள், இன்ன இடம் என்று எழுதும் ஒழுங்குமே மூலதனம். இரண்டாவது, இந்நூலின் நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று நம் வாசகசாலைகளில் இருத்தல் வேண்டும். அதில் மேற்சொன்ன பிழைகளைச் சுட்டும் குறிப்புகளும் இருத்தல் வேண்டும். அயலார் நூலைப் பூசிப்பதும் எரிப்பதும் ஒரே வகைச் சோம்பல்; படித்துத் திருத்துவதே அறிவு.

மூன்றாவதே தலையாயது. வாலஸ் வண்டுக்கு எழுதிய சீட்டை நாம் மனிதனுக்கு எழுதவில்லை. இக்காட்டை அழித்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் மாண்டவர் என்னும் கணக்குப் பெரும்பாலும் எவரிடமும் இல்லை. பல தோட்டங்கள் மறைந்து வீடுகளும் வீதிகளும் எழுந்துவிட்டன. இடுகாட்டுக் கல்லும் பல இடங்களில் எஞ்சவில்லை. முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பெயர்களும் ஊர்களும் நினைவிருக்கின்றன. வெள்ளையர் நம்மைக் கிழக்கா மேற்கா என்று தவறாக எழுதினார் என்று குறை சொல்வது எளிது. நம் பாட்டனாருடைய ஊரையும் பெயரையும் நாமாவது சரியாக எழுதி வைத்திருக்கிறோமா? எழுதாதவர் இன்றே தொடங்குக.